எரிக்சனும் தண்ணீர் லாரியும்: எம்.எஸ்.டபிள்யூ.வில் மனித நடத்தைப் பாடம் எதற்கு?

முதலாமாண்டு எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுநிலைப் படிப்பு, படிப்பதாகச் சொல்கிறீர்கள். ‘மனித நடத்தையும் சமூகச் சூழலும்’ தாளில் ஃபிராய்டு, எரிக்சன், பியாஜே, மாஸ்லோ என்று உளவியல் கோட்பாட்டாளர்களை மனப்பாடம் செய்கிறோம், வாரம் இரண்டு நாள் களப்பயிற்சிக்காக ஃபீல்டுக்குப் போனால் அதில் ஒன்றுகூட உதவவில்லை, பிறகு எதற்கு இந்தப் பாடம் என்பது உங்கள் கேள்வி. ஆனால் கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது: “வியாசர்பாடிப் பிள்ளைக்கும் வியன்னாவுக்கும் என்ன சம்பந்தம்?” வியாசர்பாடி வடசென்னையில், வியன்னா ஃபிராய்டு வாழ்ந்த ஊர். ஆக, நீங்கள் கேட்பது பாடத்தின் பயனை மட்டுமல்ல. இவர்கள் சொன்னது நம் மக்களுக்குப் பொருந்துமா, அதாவது உண்மையா என்றும் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் 2003-05இல் இதே படிப்பைப் படித்தவள். அதன் பிறகு வடசென்னையில் குழந்தைகளோடு வேலை. இப்போது சில ஆண்டுகளாக உங்களைப் போன்ற மாணவர்களுக்கு ஃபீல்ட் சூப்பர்வைசர். உளவியலாளர் அல்ல, மருத்துவரும் அல்ல. நகரத்துக் குழந்தைகள், அவர்களுடைய குடும்பங்கள், இவ்வளவுதான் நான் கையால் தொட்ட உலகம். மனநல மருத்துவமனையிலோ மலைக் கிராமங்களிலோ வேலை செய்கிறவர்கள் இதே கேள்விக்கு வேறு அழுத்தத்தோடு பதில் சொல்லக்கூடும்.

ஒரு பையனிடமிருந்து தொடங்குகிறேன். முதல் வருட ஃபீல்ட் ஒர்க்குக்கு என்னை ஒரு பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். 2003, 2004இல் சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தத் தண்ணீர்ப் பஞ்சம் மறக்காது. குழாயில் தண்ணீர் வருவது ஏறக்குறைய நின்றே போய், தெருமுனைக்குத் தெருமுனை பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், வயது 12, வாரத்தில் இரண்டு மூன்று நாள் வரவே மாட்டான். “இவனைக் கொஞ்சம் என்னன்னு பாரும்மா” என்று தலைமையாசிரியர் என்னிடம் ஒப்படைத்தார். வேப்பமரத்தடியில் நான்கு முறை உட்கார்ந்து பேசினேன். வாயே திறக்கமாட்டான், தலை குனிந்தே இருப்பான். மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தவர் எரிக்சன். அப்போதுதான் வகுப்பில் அவருடைய நான்காம் கட்டம் நடந்து முடிந்திருந்தது. பள்ளி வயதில் ‘என்னால் முடியும்’ என்ற உழைப்புணர்வு வளர வேண்டும், வளராவிட்டால் தாழ்வுணர்வு தங்கிவிடும் என்பது அதன் சாரம். பையன் அச்சில் வார்த்ததுபோல் அதில் பொருந்தினான். ‘தாழ்வு மனப்பான்மை, படிப்பில் ஆர்வமின்மை, தந்தை இல்லாத குடும்பம்’ என்று ரெக்கார்டில், அதாவது களப்பணிக் குறிப்பேட்டில், எழுதி, ஆறு முறை கவுன்சிலிங் என்று திட்டமும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

என் சூப்பர்வைசர் மேடம் எரிக்சனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில், ‘வராத நாட்கள் எவை?’ என்று மட்டும் எழுதியிருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. வேண்டாவெறுப்பாக வருகைப் பதிவேட்டை வாங்கி இரண்டு மாதத்தை ஒரு தாளில் பெயர்த்து எழுதினேன். எழுதும்போதே தெரிந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலை அவன் தெருவுக்குப் போய் நின்றேன். அங்கே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் லாரி வரும். எட்டு மணிக்கும் வரலாம், பதினொன்றுக்கும் வரலாம். அம்மா ஆறு மணிக்கே வீட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். அக்காவை ஊரில் பாட்டி வீட்டில் விட்டிருந்தார்கள். வரிசையில் இவன் நிற்காவிட்டால் இரண்டு நாளைக்கு வீட்டில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. நான் ‘ஆர்வமின்மை’ என்று எழுதிய பையன் ஒரு குடும்பத்தையே தண்ணீர் சுமந்து நடத்திக்கொண்டிருந்தான். அதை அவன் என்னிடம் சொல்லாததற்குக் காரணம், நான் ஒருமுறைகூட அதைக் கேட்காததுதான்.

உங்கள் தாளின் பெயரில் இருக்கும் ‘சமூகச் சூழல்’ இதுதான். உளவியலாளர் யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1979இல் எழுதியதைத் தேர்வுக்காக வட்டம் வட்டமாக வரைந்திருப்பீர்கள்: வீடு, பள்ளி போன்ற நெருக்கமான வட்டம், அவற்றுக்கு இடையிலான உறவு, அதற்கு வெளியே இருந்தும் பிள்ளையைத் தொடுகிற அமைப்புகள், எல்லாவற்றையும் சூழ்ந்த சமூக வழக்கங்கள். மாணவர்கள் தடுமாறுவது மூன்றாவது வட்டத்தில்தான். லாரி எந்தத் தெருவுக்கு என்றைக்குப் போகும் என்று தீர்மானிக்கும் அலுவலகத்துக்குள் அந்தப் பையன் கால் வைத்ததே இல்லை. ஆனால் அவனுடைய செவ்வாய்க்கிழமை அங்கேதான் முடிவானது. அந்த வட்டத்தின் வரையறையை மறந்தாலும் பரவாயில்லை. ‘இந்தப் பிள்ளை இல்லாத எந்த இடத்தில் இந்தப் பிள்ளையின் நாள் தீர்மானமாகிறது?’ என்ற கேள்வியை மறக்காதீர்கள். ஒன்று சொல்லிவிட வேண்டும்: இந்த வட்டங்கள் எதையும் முன்கூட்டிச் சொல்லித் தராது. சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கும் கோட்பாடு என்பதைவிட, எங்கெல்லாம் பார்க்க வேண்டும் என்று நினைவூட்டும் வரைபடம் என்றுதான் இதைச் சொல்வேன். சமூகப்பணியின் முன்னோடி மேரி ரிச்மண்ட் 1917இல், உதவி தேவைப்படுகிறவரின் நிலையை எப்படி விசாரித்தறிவது என்று எழுதியதிலும், 1980இல் ஜெர்மைனும் கிட்டர்மனும் சமூகப்பணிக்கான தங்கள் ‘வாழ்வு மாதிரி’யை முன்வைத்ததிலும் ஓடுவது இதே இழைதான். மனிதரைச் சூழலோடு சேர்த்துப் பார்ப்பது. நம் தொழிலின் சொத்து அதுதான், மற்றவை பக்கத்துத் துறைகளில் கடன் வாங்கியவை.

இதோடு கதை முடிந்திருந்தால் ‘எரிக்சனைத் தூக்கிப் போடுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். முடியவில்லை. அப்போதைக்குப் பக்கத்து வீட்டம்மா சில நாள் அவன் குடங்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். லாரி வரும் நாளில் அவன் தாமதமாக வந்தால் வெளியே நிறுத்துவதில்லை என்று தலைமையாசிரியரும் சொன்னார். கொஞ்ச நாள் ஓடியது. படிப்பை முடித்து அதே பகுதியில் நான் வேலைக்குச் சேர்ந்த 2005இல், ஆண்டுக் கடைசியில் மழை கொட்டித் தீர்த்தது. குழாயில் தண்ணீர் வந்தது. பையன் பள்ளிக்குப் போவதை மட்டும் அதற்குள் அடியோடு நிறுத்தியிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்னால் திக்குகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள் என்றான். “எனக்குப் படிப்பு வராதுக்கா.” இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் அவசரப்பட்டு எழுதிய சொல் இப்போது உண்மையாகி நின்றது. தண்ணீர் இல்லாததில் தொடங்கியது அவனுக்குள்ளே போய், அவனைப் பற்றிய அவனுடைய அபிப்பிராயமாக மாறிவிட்டிருந்தது. இந்த முறை தேவைப்பட்டது வாசிக்கச் சொல்லித் தருகிற ஒருவர், சிரிக்காத ஒரு வகுப்பு. 2003இல் எரிக்சன் என் கண்ணை மறைத்தார், 2005இல் அவர் இல்லாமல் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. உங்கள் தாளின் தலைப்பில் நடத்தையும் சூழலும் ‘உம்’ போட்டுச் சேர்ந்திருப்பது எதற்காக என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இனி ‘உண்மையா’ என்ற பகுதி. இந்தக் கோட்பாடுகள் எல்லாம் ஒரே உறுதியோடு நிற்பவை அல்ல. பாடத்தில் எல்லாம் ஒரே வரிசையில், ஒரே மதிப்பெண்ணுக்கு வருவதால் அப்படித் தோன்றுகிறது. ஃபிராய்டு சொன்ன பருவக் கட்டங்களை அப்படியே ஏற்பவர்கள் ஆய்வாளர்களில் இன்று மிகக் குறைவு. தாங்க முடியாததை மனம் மறைத்து வைக்கும் என்ற அவருடைய பார்வை மட்டும் தினமும் உதவுகிறது. பியாஜே விஷயத்தில், பிள்ளையின் சிந்தனை படிப்படியாகக் கண்ணால் பார்ப்பதிலிருந்து கருத்துக்கு நகர்கிறது என்பது பெருமளவுக்கு நிற்கிறது. எந்த வயதில் எது என்ற கணக்கு நிற்கவில்லை. பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் விற்கும் பிள்ளைகளை வைத்து 1985இல் வெளியான ஆய்வைத் தேடிப் படியுங்கள். தேங்காய் விற்கும்போது மனக்கணக்கில் சரியாகச் சொன்ன அதே தொகையைத் தாளில் எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் தவறவிட்டார்கள். கோயம்பேட்டில் பூ விற்கும் பிள்ளையிடம் இருபது ரூபாய் நீட்டிப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

எரிக்சனின் எட்டுக் கட்டங்கள் 1950இல் வெளிவந்தவை. பெரும்பாலும் சிகிச்சை அனுபவத்திலிருந்தும் கவனிப்பிலிருந்தும் எழுந்தவை. அமெரிக்கப் பழங்குடிகளான சியூ, யூரோக் மக்களிடையே போய்ப் பார்த்தவர் என்பதால் பண்பாடு தெரியாதவர் என்று அவரைத் தள்ள முடியாது. ஆனால் அவருடைய ஐந்தாம் கட்டமான ‘அடையாளம்’ நம்மிடம் வரும்போது நெளிகிறது. ‘நான் யார்’ என்று வளரிளம் பருவத்துப் பிள்ளை தேடித் தடுமாறும் என்கிறார். நம்மூரில் புதிதாக ஒரு தெருவுக்குள் நுழையும் பிள்ளையை எதிர்கொள்ளும் முதல் கேள்வி, “நீ யார் வீட்டுப் புள்ள?” அந்தக் கேள்விக்கான பதிலில் குடும்பம், ஊர், சாதி மூன்றும் அடங்கிவிடுகிறது. தேடுவதற்கு முன்பே அடையாளம் கையில் திணிக்கப்பட்ட ஒரு பிள்ளைக்குச் சிக்கல் அதைக் கண்டுபிடிப்பதில் அல்ல, அதைக் கழற்றுவதில். பதினாறு வயதில் மில்லுக்கு வேலைக்குப் போய் விடுதியில் தங்கும் பெண்ணுக்கு, அடையாளம் தேட ஓய்வான ஒரு பருவம் இருக்கிறதா என்பதே கேள்வி. எரிக்சன் தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் கேட்ட கேள்வி இங்கே வேறு பதில்களைப் பெறுகிறது.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லிக்கொள்கிறேன். நம் பாடத்திட்டங்களில் சாதி பெரும்பாலும் சமூகவியல் தாளில் வருகிறது, ஆளுமை வளர்ச்சி உளவியல் தாளில் வருகிறது. இரண்டும் ஒரே பிள்ளையின் உடம்பில் சேர்ந்து நடப்பதை எந்தத் தாளும் முழுதாகச் சொல்வதில்லை, மாணவரேதான் ஒட்டவைக்க வேண்டும். ஹோம் விசிட் போகும்போது உங்களை எங்கே உட்காரச் சொல்கிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்களா, கொடுக்கத் தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். தயங்குகிறவர் விருந்தோம்பல் தெரியாதவர் அல்ல. வாங்கிக் குடிக்காமல் போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். இதை ரெக்கார்டில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதும் மாணவரிடம் நான் ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ரொம்ப அடிபடுகிற இன்னொன்று மாஸ்லோவின் பிரமிடு: பசி போன்ற அடிப்படைத் தேவைகளை அடியிலும் மற்றவற்றை மேலேயும் அடுக்கிய படம். 1943இல் வந்த அவருடைய கட்டுரையில் பிரமிடே கிடையாது. தேவைகளின் வரிசையும் கல்லில் செதுக்கியது அல்ல என்று அவரே அதில் இடம் விட்டிருக்கிறார். படம் பின்னால் வந்தவர்கள் போட்டது. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவர், சாப்பாட்டுக்கே திண்டாடும் குடும்பம் கடன் வாங்கிக் காதுகுத்து வைத்ததை ‘தேவையற்ற செலவு, முன்னுரிமை தெரியாமை’ என்று எழுதிவந்தார். மொய் நோட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். யாருக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள், யாரிடமிருந்து எவ்வளவு திரும்ப வர வேண்டும் என்று பேரோடு எழுதிய கணக்கு அது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்துக்கென்றே பந்தல் போடுவார்கள். வங்கிக்குள் நுழைய முடியாதவர்களுக்கு அதுதான் மொத்தப் பணம் கைக்கு வரும் வழி. அந்தக் குடும்பம் காதுகுத்தை வைத்து, போட்ட பணத்தை வசூலித்துக் கொண்டிருந்தது. மொய் எல்லாம் நல்லது என்று சொல்லவில்லை, அதில் மூழ்கிப்போன வீடுகளும் உண்டு. கணக்கைப் பார்க்காமல் ‘முன்னுரிமை தெரியாதவர்கள்’ என்று எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று துக்கத்தின் ஐந்து கட்டங்களை மனப்பாடம் செய்திருப்பீர்கள். மனநல மருத்துவர் கூப்லர்-ராஸ் 1969இல் அதை எழுதியது சாகப்போகும் நோயாளிகளிடம் பேசியதை வைத்து. இழந்து நிற்கும் குடும்பங்களை வைத்து அல்ல. கட்டங்கள் அந்த வரிசையில்தான் வரும் என்பதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு மாணவர் குழுவோடு நாகப்பட்டினம் போனபோது, மறுவாரமே வலை பின்ன உட்கார்ந்தவரை ‘மறுப்புக் கட்டம்’ என்று எங்களில் ஒருவர் குறித்துக்கொண்டார். அந்த மனிதர் எதையும் மறுக்கவில்லை. கை சும்மா இருந்தால் தாங்க முடியவில்லை என்று அவரே சொன்னார். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை ஊரே சேர்ந்து தாங்கும் ஒரு ஏற்பாடு அங்கே இருந்தது. நாங்கள் அதைச் சடங்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டு, கட்டங்களைத் தேடிக்கொண்டிருந்தோம்.

உறுதியாகச் சொல்லக்கூடியவையும் இருக்கின்றன. சின்ன வயதில் நிலையாக, நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். அந்த ஆள் தாய் ஒருத்திதான் என்பதல்ல. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில் தாய்மேல் பாரம் அதிகம். பிறகு இந்த ஆய்வே அகலமானது. ஆகவே ஆயாவிடமும் அத்தையிடமும் வளர்ந்த பிள்ளையைப் பார்த்தவுடன் ‘தாய்ப்பாசம் இழந்தது’ என்று எழுதாதீர்கள். ராத்திரி பயந்தால் யாரிடம் ஓடும் என்று கேளுங்கள். ஒரு பேர் வந்தால் நிம்மதி. பேரே வரவில்லை என்றால் அங்கே வேலை இருக்கிறது.

அதேபோல் சிறுவயதுக் கொடுமைகளும் புறக்கணிப்பும் பெரியவர்களான பின் உடல்நலத்தோடு தொடர்புடையவை என்பதும் உறுதி. அமெரிக்காவின் சான் டியேகோவில், இரண்டு கட்டங்களில் 17,000 பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வு. முதல் முடிவுகள் 1998இல் வந்தன. ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய உண்மை. ஒரு பிள்ளை பட்ட கொடுமைகளை எண்ணி மதிப்பெண்ணாகக் கூட்டி ‘இவன் இப்படித்தான் ஆவான்’ என்று சொல்ல அது உதவாது. ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே 2020இல் அப்படிப் பயன்படுத்துவதற்கு எதிராக எச்சரித்திருக்கிறார். இந்தத் தாளில் நீங்கள் படிக்கும் பெரும்பாலானவற்றுக்கும் இதே எல்லை உண்டு. சராசரியைப் பற்றித் தெரிந்ததை எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆள்மேல் ஒட்டும்போதுதான் தப்பு நடக்கிறது.

இந்தத் தப்பு வெறும் தேர்வு மதிப்பெண் விவகாரம் அல்ல. குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளைகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் நீதித்துறை நடுவர் ஒருவரோடு சமூகப் பணியாளர் இருவர் உட்காருவார்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, 16 முதல் 18 வயதுக்குள் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளைக்கு, அதைச் செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, விளைவு புரிந்திருந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று அந்தக் குழுமம் முதல்கட்டமாக மதிப்பிட வேண்டும். அதைப் பொறுத்துத்தான் பிள்ளை குழந்தைகளுக்கான நீதிமன்றத்துக்குப் போவதும், பெரியவர்களைப்போல விசாரிக்கப்படுவதும். சம்பவம் நடந்த அந்த நிமிடத்தில் ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் மனம் எவ்வளவு முதிர்ந்திருந்தது என்பதை மாதக்கணக்கில் கழித்து அளந்து சொல்ல நம்பகமான கருவி எதுவும் கிடையாது என்றே நான் நினைக்கிறேன். நிதானமாக உட்கார்ந்து யோசிக்கும்போது பதினாறு வயதுக்காரர் பெரியவருக்கு நிகராகவே யோசிப்பார். கோபத்திலும் கூட்டாளிகள் நடுவிலும் அப்படி இல்லை என்று வளரிளம் பருவ ஆய்வுகள் சொல்கின்றன. அறைக்குள் அமைதியாகக் கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னான் என்பதற்காக, அன்றைக்கு ராத்திரியும் தெளிவாக இருந்தான் என்று எழுதிவிட முடியாது. இன்றைக்கு நீங்கள் மனப்பாடம் செய்து வெறுக்கும் தாளைத்தான் நாளைக்கு அந்த நாற்காலியிலோ, அங்கே போகும் அறிக்கையை எழுதும் மேஜையிலோ உட்கார்ந்து பயன்படுத்தப் போகிறீர்கள்.

எப்படிப் படிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். தேர்வுக்குப் பெயரும் ஆண்டும் கட்டமும் வேண்டும், அதைத் தவிர்க்க வழியில்லை, எழுதிப் போடுங்கள். கூடவே ஒவ்வொரு கோட்பாட்டையும் ஃபீல்டில் கேட்கக்கூடிய ஒரே ஒரு கேள்வியாக மாற்றி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதை யார், யாரைப் பார்த்து, எந்த ஊரில் எழுதினார்கள் என்பதும் பக்கத்தில் ஒரு வரி. ஆன் ஹார்ட்மன் கொடுத்த ஈகோமேப்பை, அதாவது ஒரு குடும்பத்துக்கு வெளியே யாரோடெல்லாம் உறவு என்று காட்டும் வரைபடத்தை, முதலில் உங்கள் வீட்டுக்கே போட்டுப் பாருங்கள். ரேஷன் கடை, கடன்காரர், குலதெய்வக் கோயில், தாய்மாமா எல்லோரும் அதில் வர வேண்டும். ரெக்கார்டில் ஒருவரின் குணத்தைச் சொல்லும் சொல்லை எழுதப் போகும்போது, அது எந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் முன்னால் தெரிந்தது என்று அதே வரியில் சேர்த்து எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். இந்த வாரம் உங்கள் கேஸ் பள்ளிப் பிள்ளையாக இருந்தால், பேச உட்காருவதற்கு முன்னால் வருகைப் பதிவேட்டை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள்.